மேனேஜர் அறையின் இருபத்திரண்டு டிகிரி

"யாரக் கேட்டு இவன உள்ள விட்ட? சோபாவுல வேற உக்காந்திருக்கான்!"

எங்க மேனேஜர் போட்ட சத்தத்துல வார்டே எட்டிப் பார்த்துது. நான் அசையலை.

எழுபதுகளோட கடைசி. தூத்துக்குடியில ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபுக்கு நான்தான் பொறுப்பு. மேனேஜர் ரூம் சோபாவுல இருந்தவன் அந்தோணி, வள்ளத்துல கடலுக்குப் போறவன். கையில ஒரு பிளேட்லெட் பை, ரத்தத்தை உறைய வைக்கிற அணு. அவன் பொண்டாட்டி புஷ்பம் நிறைமாசமா எங்க வார்டுல கிடந்தா. பிளேட்லெட் அடிமட்டத்துக்கு இறங்கி, ஈறுல ரத்தம் கசிஞ்சுது. பிள்ளையை ஆபரேஷன் பண்ணித்தான் எடுக்கணும். பிளேட்லெட் ஏத்தாம கத்தி வச்சா ரத்தம் நிக்காது.

முதல் பை ரெண்டு நாள் முன்னாடியே வந்துது. திருநெல்வேலியில ரத்தத்துல இருந்து பிரிச்சுக் கொடுத்தவங்க, ஐஸ் வைக்காதேன்னு சொல்லித்தான் அனுப்பினாங்க. கடல்காரன் மனசு கேக்குமா? மீனுக்குப் போடுற ஐஸை வாங்கி, பையைச் சுத்தி அடைச்சுக் கொண்டாந்துட்டான்.

"இந்த வெயிலுக்கு ஐஸ் இல்லாட்டி கெட்டுப்போவும்லாக்கா?"

பாவம், என்னத்தச் சொல்ல? வேற வழியில்லாம டாக்டர் அதையே ஏத்தினார். கசிவு நின்னுது. மறுநாள் காலையில திரும்பவும் வாயெல்லாம் ரத்தம்.

"குளிர் பட்டா பிளேட்லெட் உருமாறிடும். அந்த நேரத்துக்கு வேலை செய்யும், ஆனா உடம்பு அதைத் தங்க விடாது"ன்னார் டாக்டர்.

ரெண்டாவது பையை ஐஸ் இல்லாம துண்டுல சுத்திக் கொண்டாந்தான். சர்ஜன் வர சாயங்காலம் ஆகும். அதுவரைக்கும் இருபத்திரண்டு டிகிரியில, கட்டி தட்டாம மெதுவா ஆட்டிக்கிட்டே வச்சிருக்கணும். எங்க லேப்ல ஃபேன் காத்தே அனல். ஏசி இருந்தது மேனேஜர் ரூம்ல மட்டும்தான். போய்க் கேட்டேன். "இது ஆபீஸும்மா, மீன் கடை இல்ல"ன்னார். அவர் சாப்பிடப் போனதும் அந்தோணியைக் கூட்டிட்டுப் போய் உக்கார வச்சுட்டேன்.

அதுக்குத்தான் இந்தக் கத்தல்.

அந்தோணி எந்திரிச்சான். "நா வெளிய நிக்கேன்க்கா."

"ஏலே, உக்காரு. ஆட்டுறத நிறுத்தாத."

"உன் வேலைய எடுத்துருவேன், பாத்துக்கோ"ன்னார் மேனேஜர்.

"எடுங்க சார். ஆபரேஷன் முடியட்டும், எடுங்க."

அவர் போய் டாக்டரைக் கூட்டிட்டு வந்தார். டாக்டர் பையைத் தொட்டுப் பார்த்துட்டு, "கதவைச் சாத்துங்க, குளிர் போகுது"ன்னு மட்டும் சொன்னார். மேனேஜர் வெளியில நின்னார்.

பொம்பளப் பிள்ளை பிறந்துது. மறுநாள் போய்ப் பார்த்தேன், புஷ்பத்தோட தையல்ல ஒரு பொட்டு ரத்தம் இல்ல. எனக்கு அழுகையே வந்துட்டுது.

என் வேலை போகலை. ஆபரேஷன் முடிஞ்ச அன்னைக்கே நான் பார்க்கிற மாதிரி அந்தச் சோபாவை பினாயில் போட்டுத் துடைக்க வச்சார் மேனேஜர். துடைச்சுக்கட்டும்னு விட்டேன்.

லேபுக்குப் புதுசா வர்ற பிள்ளைகளுக்கு ஒண்ணு சொல்லுதேன். பிளேட்லெட்டுக்கு ஐஸும் ஆகாது, அனலும் ஆகாது. அதுக்கு ஏத்த குளிர் யார் ரூம்ல இருக்கோ, கதவைத் திறந்து உள்ள போங்க.