இடக்கையால் வாங்கிய பெர்மிட்

“அவர் உங்கட வாப்பா இல்லை, நானா.”

வீடியோக் கடை வேலையில் நான் விட்ட பிழைகளில் பெரியது இந்த ஒரு வசனம். யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

வவுனியாவில், சண்டை நின்றிருந்த சமாதான காலத்தில் நடந்தது. கலியாணவீட்டுக் கசெற்றுகளைச் சீடியாக மாற்றுவதுதான் என் வேலை. முதலாளி புதிதாக இன்ரநெற் லைன் எடுத்துப் போட்டிருந்தார். பத்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அதைத் தொடவே பயம். பிள்ளையாரை நினைத்துக்கொண்டுதான் மவுஸில் கை வைப்பேன்.

1. நானா வந்த நாள்

காசிம் நானாவுக்கு ஐம்பது வயதிருக்கும். முஸ்லிம் ஆட்களில் அண்ணனை நானா என்பார்கள். முல்லைத்தீவுப் பக்கம் ஒரு குளத்துக்குக் கீழே வயல் செய்த குடும்பம். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம் சனத்தைப் புலிகள் ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது புத்தளம் போனவர்கள். காணியைத் துப்பரவாக்க நானா மட்டும் திரும்பி வந்திருந்தார்.

அவருக்கு இரண்டு வயதாக இருக்கும்போதே வாப்பா பாம்பு கடித்து மௌத்தாகிவிட்டார். படம் ஒன்றுகூட இல்லை. ஆனால் அரசாங்கம் காணி பெர்மிட் கொடுத்த அன்று ஒரு வெள்ளைக்காரர் வந்து எல்லாரையும் படம் பிடித்தாராம். உம்மா சொல்லிக்கொண்டே இருப்பாவாம், ஒருவரும் நம்புவதில்லையாம். லண்டனில் இருக்கும் மருமகன்தான், பழைய படங்களை இப்போது இன்ரநெற்றில் போடுகிறார்கள் என்று எழுதி, ஒரு முகவரியும் அனுப்பியிருந்தார்.

“உம்மாக்குக் கண் மங்கிக்கொண்டு போகுது, தம்பி. அவட கண் போனா, வாப்பாவைப் பாத்து இவர்தான் எண்டு சொல்ல வேற ஆள் இல்லை” என்றார்.

2. தேடியது

ஊர்ப் பெயரை எப்படி எழுதித் தேடினாலும் ஒன்றும் வரவில்லை. வெள்ளைக்காரருக்கு ஊர்ப் பெயர் தெரிந்திருக்காதே என்று பிறகுதான் புத்தி வந்தது. சிலோன், குளம், காணி என்று இங்கிலிசில் அடித்தேன். நாலு நிமிடப் படம் ஒன்று வந்தது. அதை இறக்க இரண்டு நாள் எடுத்தது. லைன் அறுந்து அறுந்து வரும்.

சத்தமில்லாத கறுப்பு வெள்ளைப் படம். பெயர்ப்பலகை ஒன்றும் இல்லை. மேசைக்குப் பின்னால் ஒரு துரை. ஆட்கள் ஒவ்வொருவராக வந்து கடதாசி வாங்கிப் போகிறார்கள். நாலாவது ஆள் தொப்பி போட்டிருந்தார், கன்னத்தில் பெரிய மறு. நானா கதிரையை விட்டு எழும்பிவிட்டார். வாப்பாவுக்கு இடப்பக்கக் கன்னத்தில் மறு இருந்தது என்று உம்மா சொல்லியிருந்தா.

படத்தில் மறு வலப்பக்கம். குளக்கட்டும் ஊரில் இருப்பதற்கு மறுபக்கத்தில் இருக்கிறது என்று நானாவே சொன்னார். அப்போதுதான் நான் அந்த வசனத்தைச் சொன்னேன்.

“சரி, தம்பி. கிடைக்கேல்லை எண்டு உம்மாட்டச் சொல்லுறன்.” சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டு போனார்.

3. கோயிலில்

அடுத்த வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலில் நின்றேன். வலக்கையில் அர்ச்சனைத் தட்டு. திருநீறு கொண்டுவந்த ஐயருக்கு இடக்கையை நீட்டிவிட்டேன். அவர் கொடுக்கவில்லை.

“சோத்துக்கையை நீட்டும்” என்றார்.

அந்தப் படத்தில் ஒருவர் தவறாமல் எல்லாரும் இடக்கையால்தான் கடதாசி வாங்கினார்கள். கொடுத்த துரையும் இடக்கையால்தான் கொடுத்தார். காணி வாங்கப் போன எங்கள் சனம் பீச்சங்கையை நீட்டுமா? பிலிமை மறுபக்கம் திருப்பி வைத்துப் பதிந்திருக்கிறார்கள். இரண்டு நாள் மினக்கெட்டு இறக்கிப் பார்த்தும் எனக்கு விளங்கவில்லை. பிள்ளையாரே, என்று தலையில் குட்டிக்கொண்டு கடைக்கு ஓடினேன்.

கலியாணப் படத்தில் சோடிப்புக்காக நாங்கள் பாவிக்கும், படத்தை இடம் வலமாகத் திருப்பும் ஃபிளிப் ஒன்று இருக்கிறது. அதை அமத்தினேன். கைகள் எல்லாம் வலக்கையாகின. மறு இடப்பக்கம் வந்தது. நானா தந்துவிட்டுப் போன நம்பருக்கு உடனே எடுத்தேன்.

4. உம்மா

நானா புத்தளத்திலிருந்து வாடகை வான் பிடித்து உம்மாவைக் கூட்டிவந்தார். அவவுக்கு மறுவைப் பற்றியோ நாலாவது ஆளைப் பற்றியோ ஒன்றும் சொல்லவேண்டாம் என்று நானாவே கேட்டுக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, திரைக்குக் கிட்ட முகத்தை வைத்துக்கொண்டு பார்த்தா.

முதல் ஆள் போனார். இரண்டாவது, மூன்றாவது.

“நிப்பாட்டுங்கோ, தம்பி.”

நிற்பாட்டினேன். அவா முதலில் முக்காட்டை இழுத்துச் சரி செய்தா. நானா பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மகன், இஞ்ச வா. வாப்பாட பக்கத்தில முகத்தை வை.”

நரைத்த தாடியோடு நானா குனிந்து, இருபத்தைந்து வயது வாப்பாவுக்குப் பக்கத்தில் கன்னத்தை வைத்தார். உம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தா.

“மூக்கு அவரிட மூக்குத்தான்” என்றா.

அதற்குப் பிறகு யாராவது பழைய படத்தைக் கொண்டுவந்து, இவர் இன்னார்தானா என்று என்னைக் கேட்டால் நான் ஓமும் சொல்வதில்லை, இல்லையும் சொல்வதில்லை. தெரிந்தவரைக் கூட்டிவரச் சொல்லிவிட்டு, திரைக்கு முன்னால் கதிரையைப் போட்டு வைப்பேன்.