அட்டையில் ஒரு கேம் மெஷின்

மாசாய் நகரில் எங்கள் பிளாட்டின் ஹாலில், ஃபிரிட்ஜுக்கும் சாமி மேடைக்கும் நடுவே ஐம்பத்து மூன்று சென்டிமீட்டர் இடம் சும்மா கிடந்தது. துடைப்பமும் மடக்கு நாற்காலியும் அங்கே நிற்கும். அதில் நின்றுகொண்டே சண்டை கேம் ஆடும் ஒரு ஆர்கேட் மெஷினை நானே செய்து வைக்கப்போகிறேன் என்று சொன்னபோது மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"ஏங்க, சாமி பக்கத்துல சண்டை கேமா? அய்யோ அலமாக், வேற எடமே கெடைக்கலயா?" என்றாள்.

அந்தச் சாமியே சூரனோடு சண்டை போட்டவர்தானே என்று சொல்ல வாய்வரை வந்தது. சோறு முக்கியம் என்பதால் சொல்லவில்லை.

பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. அளப்பதுதான் பிழைப்பு. வீட்டிலும் அளந்தேன். ஃபிரிட்ஜ் கதவு இடிக்குமா, சாமி விளக்கின் சூடு மெஷின் பலகையில் படுமா, பழைய கணினித் திரையை எவ்வளவு சாய்க்கலாம் என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினேன். இரண்டு பேர் சேர்ந்து நிற்க இடம் போதாது. ஒருவர் மாற்றி ஒருவர் ஆடிக்கொள்ள வேண்டியதுதான்.

அந்த இன்னொருவன் என் தம்பி. சின்ன வயதில் பள்ளி விட்டதும் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு கடையில் இருவரும் இப்படிப்பட்ட மெஷினில் ஆடுவோம். என்னை ஒருநாளும் ஜெயிக்க விட்டதில்லை, ராஸ்கல். எட்டு மாதத்துக்கு முன் அவன் வேலை செய்த இடத்தில் பிரஸ் மெஷின் அவனுடைய வலது கையில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து அந்தக் கை கால்சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது. திருநீறு வாங்க வலது கையை நீட்ட வேண்டுமே என்று கோவிலுக்குப் போவதை நிறுத்திவிட்டான். எங்கள் வீட்டுக்கு வந்தால், மனைவி தேநீரைக் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். நானும் அவன் முகத்தை மட்டும் பார்த்துப் பேசுவேன். அதை நாங்கள் மரியாதை என்று நினைத்திருந்தோம்.

அந்தக் கை வெளியே வர வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பலகையை அறுப்பதற்கு முன் அட்டையில் செய்து பார்ப்பது எங்கள் தொழிற்சாலை வழக்கம். நானும் ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி, டேப் ஒட்டி, முழு அளவில் நிறுத்தினேன். வழக்கமாக இடது பக்கம் ஜாய்ஸ்டிக், வலது பக்கம் ஆறு பட்டன். நான் மாற்றி வரைந்தேன். ஜாய்ஸ்டிக்கை உள்ளங்கையால் பிடிக்கலாம், பட்டனுக்குத்தான் விரல்கள் வேண்டும் என்று கணக்குப் போட்டு, பட்டன்களை இடது பக்கம் கொண்டுபோனேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குத் தம்பி வந்தான். அட்டையைப் பார்த்ததும் சிரித்துவிட்டான். முன்னால் போய் நின்று, பழைய பழக்கத்தில் இடது கையை ஜாய்ஸ்டிக் இருக்க வேண்டிய இடத்தில் வைத்தான். அங்கே ஆறு வட்டங்கள் இருந்தன. சிரிப்பு நின்றது.

"தப்பா வரைஞ்சிட்டீங்க அண்ணே."

"இல்லடா, வேணும்னுதான். ஒனக்கு வசதியா இருக்கட்டும்னு."

"எனக்கு எது வசதின்னு நீங்க எப்ப கேட்டீங்க?"

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. ஃபிரிட்ஜ் கதவைக்கூட மூன்று முறை அளந்தவன், அவன் கையை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. சமையலறையில் பாத்திரச் சத்தமும் நின்றுவிட்டது. அவன் போய்விடுவான், இனி வரமாட்டான் என்றே நினைத்தேன்.

அவன் போகவில்லை. இடது கையால் அந்த ஆறு வட்டங்களையும் அழுத்திப் பார்த்தான்.

"இடது கையில எனக்கு பட்டன் தட்ட வராது. ஸ்டிக் பழைய எடத்துலயே இருக்கட்டும். ஆறு பட்டன் வேணாம், மூணு போதும். பேனா எடுங்க."

நான் மார்க்கர் பேனாவை எடுத்து வருவதற்குள் வலது கையை அட்டையின் மேல் விரித்து வைத்திருந்தான். கட்டைவிரல், மோதிர விரல், சுண்டு விரல்.

"சுத்தி வரைங்க. எங்க படுதோ அங்க பட்டன்."

மணிக்கட்டிலிருந்து ஆரம்பித்தேன். கட்டைவிரலைச் சுற்றி வந்தேன். விரல்கள் இல்லாத இடம் வந்ததும் பேனா தானாக விலகி, தழும்பைத் தொடாமல் ஒரு விரற்கடை தள்ளிப் போனது. அவன் அதைக் கவனித்தான்.

"ஒட்டி வரைங்க அண்ணே," என்றான். "வலிக்காது."