ஆனைக்குட்டத்துத் தண்ணீர்

இன்று காலை மழை விட்டதும் கரிசல் மண் வாசம் ஜன்னல் வழியே வந்தது. ஆனைக்குட்டம் அணைக்கு நடந்துபோன நாள் நினைவுக்கு வந்தது.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகளுக்கு லீவு. அணை நிறைந்துவிட்டதென்று தோழிகளோடு கிளம்பினேன்.

"நானும் வாரேன்டி. ஒரு தடவகூடப் பாத்ததில்ல," என்றாள் அம்மா. அவள் விரல்களில் பட்டாசு மருந்தின் கறை இன்னும் போகவில்லை. தோழிகள் பார்ப்பார்களே என்று எனக்குக் கூச்சம்.

"ரொம்பத் தூரம்மா. ஒன்னால நடக்க முடியாது."

சாயங்காலம் வாசலிலேயே கேட்டாள். "தண்ணி எம்புட்டுக் கெடக்கு?"

"நெறைய," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

அடுத்த இரண்டு வருடமும் அணை நிறையவில்லை. மூன்றாம் வருடம் நிறைந்தபோது அம்மா உயிரோடு இல்லை. அன்று கொஞ்ச நேரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பார்த்ததையெல்லாம் சொல்லியிருக்கலாம்.