கொட்டாஞ்சேனையில் ஒருவரும் வாசிக்காத இரத்தப் பரிசோதனை

வழக்கமாக மலைநாட்டு ரயில், மன்னார் வீதி என்று பயணக் கட்டுரை எழுதுகிறவன் நான். இம்முறை போன தூரம் பதினொரு கிலோமீற்றர்தான். போன செவ்வாய்க்கிழமை, வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு, என் அக்காவின் ஐந்து மாதப் பழைய இரத்தப் பரிசோதனை அறிக்கையை எடுத்துவரப் போனேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

அக்காவுக்கு ஐம்பத்து நான்கு வயது. கொட்டாஞ்சேனையில் தையல் வகுப்பு நடத்துகிறார். பன்னிரண்டு வருடமாக நீரிழிவு. வீட்டருகே உள்ள தனியார் கிளினிக்கில்தான் மருந்து. மூச்சு வாங்குகிறது என்று இந்த வருடம் முழுக்க அங்கே சொல்லியிருக்கிறார். “உடம்பைக் குறையுங்கோ” என்பதுதான் ஒவ்வொரு முறையும் கிடைத்த பதில். அந்தச் செவ்வாய்க்கு முந்திய ஞாயிறு என் வீட்டுக்கு வந்தவர், முதல் மாடியைத் தாண்டமுடியாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். உதடு நீலம். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நுரையீரலில் நீர் கட்டியிருந்தது. இதய வைத்திய நிபுணர், “முந்தி இதயத்துக்கு இரத்தம் சோதிச்சவையோ? றிப்போட் இருந்தா கொண்டு வாங்கோ, ஒப்பிட்டுப் பார்க்கவேணும்” என்றார். அக்காவிடம் இருந்த பிரதி எங்கே போனதென்று அவருக்கே நினைவில்லை.

காலை 8.10 ரயில். டிக்கெட் 40 ரூபா. கோட்டைக்கு இருபது நிமிடம், முழுக்க நின்றபடிதான். இடப்பக்கம் கடல் வந்தது; நான் பார்க்கவில்லை. கோட்டையிலிருந்து முச்சக்கரவண்டிக்கு 400 ரூபா. செட்டியார் தெரு நெரிசலில் மூன்று கிலோமீற்றருக்கு அரைமணி நேரம். எதற்காகப் போகிறேன் என்று சாரதி கேட்டார், சொன்னேன்.

“எங்க அம்மாவுக்கும் சீனி வருத்தம் அண்ணே. மாசாமாசம் விரல்ல குத்திப் பார்த்துட்டு நல்லாயிருக்குன்னு அனுப்பிடுறாங்க” என்றார்.

கிளினிக் கவுண்டரில் இருந்த பெண் முதலில் சிங்களத்தில் சொன்னார், பிறகு தமிழில்: “நோயாளி நேரில வரணும்.”

“அவ ஒக்சிஜனில இருக்கிறா.”

“அப்ப கடிதம் வேணும் சேர்.”

அக்கா கையொப்பமிட்ட கடிதத்தை நீட்டினேன். அதற்குப் பிறகும் நாற்பது நிமிடம். நான் குரலை உயர்த்திய பிறகுதான் கோப்பில் இருந்த அறிக்கை வெளியே வந்தது.

முதல் வரியில் மூன்று மாதச் சீனி அளவு, 6.8. அதைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம், பக்கத்தில் டொக்டரின் கையெழுத்தில் ‘மிக நன்று’. கீழே, இதயத் தசை சிரமப்படும்போது இரத்தத்தில் கூடும் பி.என்.பி. என்ற பொருள், இருக்கவேண்டியதைப் போல நான்கு மடங்கு. சிறுநீரில் புரதம், அதுவும் கூட. இரண்டு வரியிலும், அளவு கூட என்று காட்டும் தடித்த ‘எச்’ எழுத்து. அங்கே பேனா பட்ட தடயமே இல்லை.

டொக்டரிடம் கேட்க வேண்டும் என்றேன். இலக்கம் எடுக்கச் சொன்னார்கள். கேள்வி கேட்பதற்கு 2,000 ரூபா கட்டி, பதினேழாவது ஆளாக உள்ளே போனேன்.

“சுகர் கொன்ட்ரோலில தானே இருக்கு?” என்றார்.

“கீழ பாருங்கோ டொக்டர்.”

கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். “இது பக்கேஜில சேர்ந்து வாற டெஸ்ட். நான் எழுதினதில்லை.”

“பார்க்காத டெஸ்டுக்கு ஏன் அவவின்ர இரத்தத்தை எடுத்தனீங்கள்?”

அவர் அடுத்த நோயாளிக்கு மணியடித்தார்.

திரும்பும் வழியில் அறிக்கையைப் படமெடுத்து அக்காவுக்கு அனுப்பத் தொலைபேசியைத் திறந்தேன். அதே பக்கம் ஏற்கனவே அங்கே இருந்தது. ஐந்து மாதத்துக்கு முன் அவர்தான் எனக்கு அனுப்பியிருக்கிறார். நானும் அந்த வட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு, கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாகப் போட்டிருக்கிறேன். டொக்டர் மேல் இருந்த கோபத்தில் பாதி அந்த இடத்திலேயே என் பக்கம் திரும்பியது. நேற்று வரை குறையவில்லை.

அறிக்கையைப் பார்த்த நிபுணர், “அப்பவே மருந்து தொடங்கியிருக்கலாம்” என்றார். இப்போது தொடங்கிவிட்டார்கள். சனிக்கிழமை அக்கா வீடு திரும்பினார். இதயம் பலவீனம்தான், ஆனால் நடக்கிறார். மேல்மாடியில் இருந்த தையல் மெஷின்களை மாணவிகளே கீழே இறக்கி வைத்திருக்கிறார்கள்.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: நோயாளியின் கையொப்பமிட்ட கடிதமும் அடையாள அட்டைப் பிரதியும் கையில் இருக்கட்டும். எட்டரைக்குள் போய்ச் சேருங்கள். நீரிழிவு உள்ளவர் வீட்டில் இருந்தால் சீனி அளவோடு நிறுத்தாதீர்கள். கொழுப்பு, சிறுநீர்ப் புரதம், இதயத்துக்கான இரத்தப் பரிசோதனை பற்றி டொக்டரிடம் வாய்திறந்து கேளுங்கள். ‘எச்’ என்று இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் வாங்காமல் கதிரையை விட்டு எழும்பாதீர்கள். கூடியிருந்தால் உடனே ஆபத்து என்று அர்த்தமில்லை, ஆனால் யாராவது ஒருவர் அதைப் பார்த்தே ஆகவேண்டும்.

நேற்று அக்கா சொல்லச் சொல்ல, கிளினிக்குக்கான முறைப்பாட்டுக் கடிதத்தை எழுதினேன். ‘தயவுசெய்து’ என்று தொடங்கினேன்.

“அதை வெட்டு” என்றார். “எனக்கு மூச்சு வாங்குது எண்டு நான் எத்தினை தரம் சொன்னனான், அதை முதல்ல எழுது.”

ஏழு தரம். திகதியோடு எழுதினோம்.