படம் காட்டும் கேபிள்

“இது எதுன்னு பாத்துச் சொல்லு” என்று அம்மா கேபிளின் முனையைப் போன் கேமராவின் மேலேயே வைத்து அழுத்தினாள். எனக்குத் திரை முழுக்க இருட்டு.

“தள்ளிப் பிடிம்மா.”

“தள்ளிப் பிடிச்சா எனக்குத் தெரியாதுடி.”

“பாக்க வேண்டியது நான்தானே?”

“யார் பாத்தா என்ன.”

எந்தக் கேபிள் எதற்கென்று பிரிப்பதுதான் நாங்கள் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை. அவள் அங்கே தையல் மேசையில்; நான் இங்கே, வேறு ஊரில், சர்க்யூட் போர்டு வரையும் மேசையில்.

என் பழைய மானிட்டரை அவளிடம் விட்டு வந்திருந்தேன். வீடியோ காலில் நான் தீப்பெட்டி அளவில் தெரிவது அவளுக்குப் பெரிய குறை. “நீ இளைச்சிருக்கியா, இல்ல போன் சின்னதான்னே புரியல. பெருசாப் பாக்கணும்.” போனில் அதற்கு வசதி இருந்தது. மானிட்டரிலும் இருந்தது. கேபிள்தான் அமையவில்லை.

“எல்லாத்துக்கும் ஒரே மூஞ்சி. குணம்தான் வேற” என்பாள். சி-டைப் கேபிளைப் பற்றி இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் படித்ததில்லை. குணத்துக்கு ஒரு நூலாகக் கேபிளின் கழுத்தில் கட்டி வைத்திருந்தாள். சார்ஜ் மட்டும் ஏற்றுவதற்குக் கறுப்பு. அது சோறு போடும். ஃபைலும் அனுப்புவதற்குச் சிவப்பு. அது பேசவும் செய்யும். படம் காட்டப்போவதற்கென்று மஞ்சள் நூலைக் கத்தரித்துத் தயாராக வைத்திருந்தாள்.

“உங்கப்பா கறுப்பு நூல். சோறு போடுவார். ஒரு வார்த்தை பேச மாட்டார்.”

அப்பா பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். மறுக்கவில்லை. மறுத்தால் பேசியதாகிவிடும்.

“நான் என்ன நூல்மா?”

“உனக்கேது நூல்? நீ வயர்லெஸ்.”

புதிதாக வாங்கிய கேபிள் நல்ல தடிமன். நூலைச் சோதிப்பதுபோல இரு முனையையும் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பார்த்துத்தான் வாங்கியிருந்தாள். மாட்டினாள். போன் மல்லாந்து விழுந்து, எனக்கு மின்விசிறி தெரிந்தது. குரல் மட்டும் வந்தது.

“படம் வரல. பேட்டரிதான் ஏறுது. கடைக்காரன் நூறு வாட்டுன்னானே!”

“அது சார்ஜ் ஏத்துற பலம்மா. படம் போக உள்ள தனிக் கம்பி வேணும். வீடியோ வருமான்னு கேட்டு வாங்கணும்.”

“அப்போ கடைக்காரன்தான் படம் காட்டியிருக்கான், கேபிள் காட்டல.” தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்து முடித்தாள். “காலையில போய் மாத்திட்டு வந்துடறேன். நீ நேரத்துக்குச் சாப்பிடு.”

காலையில் கேபிளைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பியவள், செருப்பு மாட்ட வாசற்படியில் உட்கார்ந்தாள். எழவில்லை.

எல்லோரும் வந்து போன பிறகு வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். பை கதவுக் கொக்கியில் தொங்கியது. கேபிள் உள்ளேயே இருந்தது, கழுத்தில் நூல் இல்லாமல். அதை எடுத்து மேசையில் வைத்தேன். அப்பா நாற்காலியை எனக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி, துண்டில் துடைத்து, மாட்டிக்கொண்டு என் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

“இளைச்சுதான் போயிருக்க” என்றார்.

கேபிளை எடுத்துத் திரும்பவும் பையில் போட்டு, கொக்கியிலேயே மாட்டினார்.