பழப்புளியில் ஊறிய கோதுகள்

போன மாதம், நாங்கள் குடியிருக்கும் இங்கிலீஸ் ஊரான சட்டனில், எங்கள் பங்குக் கோவிலில் திருநாள் ஆயத்தம் நடந்தது. மெழுகுதிரித் தண்டுகளை மினுக்குவது பெண்கள் வேலை. புதிதாகக் கலியாணம் முடித்து வந்த ஒரு பிள்ளை, பித்தளைத் தண்டுகளைப் பழப்புளிக் கரைசலில் அமுக்கிவிட்டு, "அன்ரி, இது ஊறட்டும், நாளைக்கு வந்து எடுப்பம்" என்றாள். நான் போட்ட சத்தத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "உடன எடு பிள்ளை! ஊறவிடாதை!" வாளிக்குள் கையை விட்டு நானே வெளியே எடுத்தேன். ஒரு தண்டுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று அவள் நினைத்திருப்பாள். அவளிடம் காரணம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

புளியும் பித்தளையும் சேர்ந்தால் ஒரு மணம் வரும், ஈரச் சில்லறையை மூக்குக்குக் கிட்டப் பிடித்ததுபோல. அந்த மணம் வந்தால் எனக்கு மிஸ்டர் ஆர்தரின் பின்னறை கண்முன் வந்துவிடும்.

அப்போது நான், வீடுகளுக்குப் போய் வயதானவர்களைப் பராமரிக்கும் கெயரர் வேலைக்குப் புதிது. வெள்ளைக்காரரின் முதற்பெயரோடு மிஸ்டர் போடுவதில்லை என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. அவரும் திருத்தவில்லை, கடைசிவரை மிஸ்டர் ஆர்தராகவே இருந்துவிட்டார். காலும் நுரையீரலும் அவரைக் கைவிட்டிருந்தன. மூளை மட்டும் கத்தி மாதிரி. என் பிள்ளைகளின் பிறந்தநாளை எனக்கே ஞாபகப்படுத்துவார்.

முதல்நாள் அந்தப் பின்னறை வாசலிலேயே நின்றுவிட்டேன். மேசையில் ஒரு தட்டு நிறைய ரவைக் கோதுகள், துப்பாக்கியில் சுட்டபின் மிஞ்சும் பித்தளைக் குழாய்கள். துவக்கு சுவரோடு பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் இருந்தது, அதை நான் பார்க்கவில்லை. ஆனால் மன்னாரிலிருந்து வந்தவளுக்குக் கோதே போதும். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வெறுங்கோதுதான், கடியாது" என்றார். அவர் பேசியது இங்கிலீசில்தான். என் நினைவில் இருப்பது எங்கள் தமிழில், அப்படியே தருகிறேன்.

காலைக் கஞ்சி முடிந்ததும் ஸ்கொட்லாந்திலிருந்து அவருடைய சிநேகிதர் டெரிக் போன் எடுப்பார், இவர் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். இரண்டு பேரும் மான்வேட்டைக்காரர். நடுத்தர விட்டமுள்ள துவக்குகளில் எந்த ரவை நல்லது என்பதுதான் நாற்பது வருடமாக அவர்கள் வழக்கு. டெரிக்கின் துவக்கு ஒன்பது புள்ளி மூன்று மில்லிமீற்றர். இவருடையது பழைய இங்கிலீஸ் துவக்கு, மூன்று-ஒன்று-எட்டு.

"என்ரைக்குக் கோது எந்தக் கடையிலையும் வாங்கலாம். நீ ஏன் அந்தக் கிழட்டுச் சாமானோடை மாரடிக்கிறாய்?" என்பார் டெரிக்.

"லேசாக் கிடைக்குதெண்டதுக்காக ஒண்டை நல்லதெண்டு சொல்லேலாது. உன்ரை சன்னக் குண்டு பாரம், ஒத்துக்கொள்ளுறன். என்ரை மெல்லிசு, நீளம். நேரை ஆழமாப் போகும். மானுக்குத் தான் செத்தது தெரியாது."

"அப்ப முன்னூற்று எழுபத்தைந்து வாங்கன்."

"அது யானைக்கு. எனக்கு உருப்படியா இருக்கிறது ஒரு தோள்தான்."

நான் கோப்பை கழுவிக்கொண்டே இதையெல்லாம் கேட்பேன். எந்த ரவை எவ்வளவு உதைக்கும் என்று சட்டனில் எனக்குத் தெரிந்த அளவு வேறு எந்தக் கெயரருக்கும் தெரிந்திருக்காது.

மூன்று-ஒன்று-எட்டுக்குக் கடையில் ரவை கிடைக்கவில்லை. சுட்ட கோதை எடுத்து, வெடிமருந்தும் சன்னமும் தானே நிரப்பவேண்டும். கோது இருந்தால்தான் எல்லாம். ஐரோப்பாவிலிருந்து பார்சல் வருவது நின்றுபோயிருந்தது. அமெரிக்கக் கோதொன்றை நெரித்து அளவாக்கலாம் என்றார் டெரிக். அந்த இயந்திரத்தின் பிடியை இழுக்க இவர் கையில் வலு இல்லை. கடைகளுக்கும் சங்கங்களுக்கும் ஏலக்காரருக்கும் ஒரு வருடமாகக் கடிதம் எழுதினார். கடைசியில் கென்டில் ஒரு விதவை, புருசனின் பழைய பிஸ்கற் தகரப்பெட்டியை அனுப்பிவைத்தார். உள்ளே இருபத்தாறு கோது, கறுத்துப்போய். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்கவேண்டும்.

ஒக்டோபரில் டெரிக்கின் மலையில் ஒரு மான். அவ்வளவுதான் அவர் கேட்டது. அடுத்த குளிரைத் தாண்டுவது கஷ்டம் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

கோதுகளை மினுக்குகிற அவருடைய இயந்திரம் எரிந்துபோயிருந்தது. என் வாய் சும்மா இருக்குமா? "எங்கட கோவில் பித்தளையெல்லாம் நான்தான் பழப்புளி போட்டு மினுக்கிறது. தாங்கோ, வீட்டை கொண்டுபோய்ச் செய்து தாறன்" என்றேன். அவர் யோசித்துவிட்டுத் தந்தார். "ஐஞ்சு நிமிசம். அதுக்கு மேலை புளிப்பிலை விடவேண்டாம்." வாடிக்கையாளர் வீட்டுப் பொருளை வெளியே கொண்டுபோனால் வேலை போய்விடும் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் கொண்டுபோனேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம். கோதுகளைச் சட்டியில் புளிக்குள் போட்டு உப்பும் தூவிய நேரம் பார்த்து என் மனுசன் குசினிக்குள் வந்தார்.

"இஞ்சேரும், என்ன இது? ரவைக் கோதோ? வீட்டுக்குள்ளையோ? உமக்கென்ன விசரே?"

அவர் உதடு வெளிறிப்போனது. சண்டைக்காலத்தில் எங்கள் ஊரில் சோதனைக்கு வந்த ஆமிக்காரர் ஒரு வீட்டில் ஒரு கோதைக் கண்டால், அந்த வீட்டில் ஓர் ஆள் குறையும். இவருடைய தம்பி அப்படித்தான் போனான். பக்கத்து வீட்டுச் சின்னன் ஊதி விளையாடிய கோது அது. சட்டனில் யாரும் வந்து அலுமாரியைக் கிளறமாட்டார்கள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். தெரிந்தும், சட்டியை அப்படியே மூடித் தோட்டத்துக் கொட்டிலுக்குள், பூச்சாடிகளுக்குப் பின்னால் ஒளித்தேன். இவர் வெளியே போனதும் எடுக்கலாம் என்று நினைத்தேன். சனிக்கிழமை இவர் வீட்டைவிட்டு அசையவில்லை. ஞாயிறு பூசை, பிறகு நகரின் மறுகோடியிலுள்ள எட்மண்டனில், கோவிலில் முதல் நன்மை வாங்கிய ஒரு பிள்ளைக்கு விருந்து. திங்கள் காலையில்தான் மூடியைத் திறந்தேன்.

கோதுகள் ரோசா நிறத்தில் இருந்தன.

மிஸ்டர் ஆர்தர் ஒன்றை எடுத்து யன்னலடியில் பிடித்துப் பார்த்தார். பிறகு மற்றொன்று. இருபத்தாறையும் பார்த்தார். "பித்தளையிலை இருந்த துத்தநாகத்தைப் புளி திண்டிட்டுது. மிச்சம் செம்புதான். இதை நம்பிச் சுடேலாது, முகத்துக்குக் கிட்ட வெடிச்சுக் கிழியும்." கோபம் இல்லாமல்தான் சொன்னார். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், கொட்டிலையும் தம்பியையும் சேர்த்து. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "தம்பியின்ரை பேர் என்ன?"

"யூட்."

அந்தப் பெயரை ஒருதரம் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

புதன்கிழமை அவருடைய மகன் வந்தார். மேசையைப் பார்த்து என்ன நடந்தது என்றார். நான் கேத்தலடியில் நின்றேன். மிஸ்டர் ஆர்தர் நிமிராமலே சொன்னார்: "நான்தான் ஊறப்போட்டனான். எடுக்க மறந்துபோனன்."

"மூண்டு நாளோ, அப்பா?"

"மறந்துபோனன்."

மகனின் முகத்தில் நான் கண்டது பயம். துவக்கு வைத்திருக்கும் தகப்பனுக்கு மறதி. அவர் அறிவித்து, அடுத்த கிழமையே இரண்டு பொலிஸ்காரர் மரியாதையாக வந்து துவக்கை எடுத்துப்போனார்கள். நான் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றபோது மிஸ்டர் ஆர்தர் தடுத்தார். "ஒக்டோபருக்கு எப்பிடியும் கோதில்லை. விடுங்கோ." துவக்கு மட்டும்தான் போகும் என்று அவர் நினைத்திருந்தார். அவரைத் தனியே விடமுடியாது என்று மகன் தீர்மானித்து, மாதம் முடியமுன் தன் ஊர்ப்பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தார். "வாயைத் திறக்காதையும், வேலை போயிடும்" என்றார் என் மனுசன். அவர் சொன்னதால்தான் பேசாமல் இருந்தேன் என்று சொல்லித் தப்பமாட்டேன். எனக்கும் அது வசதியாக இருந்தது.

சாமான் ஏற்றிய அன்று மகன் எனக்கு ஒரு பெட்டி சொக்லேற் தந்தார். "நல்லகாலம், நேரத்தோடை கண்டுபிடிச்சம். நீங்கள் பக்கத்திலை இருந்தது பெரிய உதவி." வாங்கிக்கொண்டேன்.

குளிர் முடியமுன் மிஸ்டர் ஆர்தர் போய்விட்டார். இப்போது அந்த வீட்டில் வேறு ஆட்கள். பின்னறையை இடித்துக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். காலையில் இரண்டு கிழவர் ரவைக்காகச் சண்டைபிடிக்கும் சத்தம் இந்த ஊரில் எங்கும் இல்லை.

அடக்கப் பூசையில் மகன் எழுந்து, கடைசிக்காலத்தில் அப்பாவுக்கு நினைவு தப்பிவிட்டது, நாங்கள் அறிந்த மனிதர் அதற்கு முன்பே போய்விட்டார் என்று சொன்னார். முன்வாங்கில் டெரிக் கண்ணைத் துடைத்துத் தலையாட்டினார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் மூன்றாவது வாங்கில் இருந்தேன். எழும்பவில்லை.