வேப்பிலைக்கு வெளியே நின்ற டாக்டரம்மா

என் பேத்தி வேணி சேலத்தில் நர்ஸ். அவள் தம்பி பாலிடெக்னிக் முடித்து ஓசூரில் வேலைக்குப் போகிறான். சின்ன மகனுடைய பெண் பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலேயே முதல். ஐந்தாவதோடு நின்றவள் நான். சொல்லாமல் இருக்க முடியவில்லை. போன செவ்வாய்க்கிழமை வேணிதான் போன் செய்தாள். "ஆயா, ஸ்டெல்லா டாக்டரம்மா தவறிட்டாங்க." வேணிக்குக் கண் மிஞ்சியது அவரால்தான்.

வெள்ளக்கடை எஸ்டேட் லைன் வீடுகளில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். நோய் வராத வீட்டைத் தேடி வருகிற டாக்டர் அவர். ஊற்றுத் தண்ணீரை மோந்து பார்ப்பார். நன்றாக விளையாடும் குழந்தையை உற்றுப் பார்ப்பார். அவர் பார்த்துவிட்டுப் போனால் பின்னாலேயே ஏதோ வரும் என்று பயந்தோம்.

தட்டம்மை ஊசிக்கு அவர் வருகிற அன்று எங்கள் லைனின் பதினோரு வாசலிலும் வேப்பிலை செருகினோம். அம்மை கண்ட வீட்டுக்குள் வெளியாள் வரக்கூடாது அல்லவா? யாருக்கும் அம்மை இல்லை, பொய்தான். பனி வாசல்வரை வந்து நின்றது. நாய்கூடக் குரைக்கவில்லை. அவர் குரல் மட்டும் கேட்டது.

"ஏனுங்க, பதினோரு ஊட்லயும் ஒரே நாள்லயா? ஆத்தா என்ன, பஸ் புடிச்சா வந்தா?"

ஒரு கதவும் திறக்கவில்லை. அவர் போய்விட்டார்.

ஒன்பதாம் நாள், அப்போது சின்னக் குழந்தையாக இருந்த வேணிக்கு உடம்பெல்லாம் சிவந்து தடித்தது. கண் திறக்கவில்லை. நான் செருகிய வேப்பிலை காய்ந்தும் உதிராமல் தொங்கியது. யாரும் சொல்லி அனுப்பவில்லை. ஆனாலும் பனிக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது. "நான் உள்ள வரலீங்க. இந்த மருந்த நீங்களே குடுங்க, கண்ணு கெடாம இருக்கும். நாளைக்கும் ஒருக்கா." ஜன்னலில் ஒரு கை நீண்டது. முகம் தெரியவில்லை.

"பொய் சொல்லி நானே ஆத்தாளக் கூப்புட்டுட்டனுங்களா?" என்று அழுதேன்.

"கூப்புட்டா வர்றதுமில்லீங்க, தழை கட்டுனா நிக்கிறதுமில்லீங்க. ஊசி போட்டா நிக்கும். மத்த பத்துக் கதவையும் நீங்களே தட்டுங்க. என்னக் கண்டா தொறக்க மாட்டாங்க."

தட்டினேன். எட்டுக் கதவு திறந்தது. நாலாம் நாள் வேணியும் கண் திறந்தாள். இன்றைக்கும் எங்கள் பக்கம் குழந்தை பிறந்த வீட்டுக் கதவை ஊசி நாளன்று நான்தான் தட்டுகிறேன். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த வேலைதான்.

அப்புறம் நடந்த ஊசி முகாமில் எடுத்த படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. நாங்களெல்லாம் தெளிவாக நிற்கிறோம். அவர் நின்ற இடத்தில் மட்டும் வெள்ளையாகப் பனி. அவர் முகம் இப்போது என் நினைவிலும் இல்லை. லைனில் இருந்த உங்களில் யாரிடமாவது முகம் தெரிகிற மாதிரி வேறு படம் இருந்தால் தபாலில் போடுங்கள். கதவைத் தட்டும்போதெல்லாம் என் பின்னால் யாரோ நிற்கிறார்கள். திரும்பிப் பார்த்தால் எனக்கு அடையாளம் தெரிய வேண்டும்.